வாலைப் பார்த்து நம்பலாம்

எங்கள் வீட்டில் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். ஃபில்டர் இல்லாமல் இல்லை. சமையலறைச் சுவரில் நீல விளக்கோடு ஒன்று மாட்டியிருக்கிறது. அதிலிருந்து வரும் தண்ணீரையும் அம்மா துணியில் வடிகட்டுவார். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் நம் வயிற்றுக்குள் போய்ச் சாகக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு சாப்பாடு கிடையாது என்பதற்கும் அதே காரணம்தான்.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் புகழேந்தி சார், "எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு தோணுதோ அங்கேருந்து ஆரம்பிப்பா" என்று சொல்லி ஒரு கட்டு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார். "நீ நல்லா எழுதுவியாமே. உன் கையாலயே எழுதிக் குடுத்துடு. ஆனா நக்கல் வேணாம். இந்த ஃபைலப் படிக்கறவங்க யாரும் சிரிக்க மாட்டாங்க."

முயற்சி செய்கிறேன் சார்.

என் பெயர் அஜிதன். அப்பா ஜினராஜ், அம்மா கனகமாலா, சமணக் குடும்பம். பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு. கல்லூரியில் வாரம் ஒரு நையாண்டி எழுதி வாட்ஸப்பில் விடுவேன். கேன்டீன் சாம்பாரில் பருப்பைக் கண்டுபிடித்தவருக்குப் பாராட்டு விழா, அந்த மாதிரி. பிரின்சிபாலும் படிக்கிறார் என்று ஒரு பேச்சு உண்டு.

தை மாதம் இணைய விழிப்புணர்வு வாரம் கொண்டாடினார்கள். ஒரு பேனர், ஒரு குத்துவிளக்கு, ஒரு பேச்சாளர். பேச்சாளர் வந்த பஸ் செஞ்சிப் பக்கம் எங்கோ நின்றுவிட்டது. குத்துவிளக்கை ஏற்றியாகிவிட்டது, இனி அணைக்க முடியாது. வாய் உள்ளவன் என்று என்னை மேடையில் ஏற்றினார்கள்.

"மாடு வாங்கும்போது பல்லைப் பாருங்கள். இணையதளத்துக்கு வாலைப் பாருங்கள்" என்று ஆரம்பித்தேன். அரங்கம் சிரித்தது. அதற்குப் பிறகு எல்லாம் சுலபம். முகவரியின் கடைசியில் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் ஒரு வால். டாட் கவ் டாட் இன் என்றால் அரசாங்கம். திறக்க நேரமாகும், பொய் சொல்லாது. டாட் ஏசி டாட் இன் என்றால் கல்லூரி. புரியாது, பொய் சொல்லாது. டாட் ஆர்க் என்றால் சேவை. அவர்களுக்கு நம்மிடம் ஆக வேண்டியது ஒன்றுமில்லை, எனவே பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. டாட் காம் என்றால் கடை. கடைக்காரரை எவ்வளவு நம்புவீர்களோ அவ்வளவு நம்புங்கள். இதெல்லாம் எங்கே படித்தேன் என்று கேட்டால், எங்கேயும் இல்லை. பேசப் பேச வந்தது.

வித்யாலக்ஷ்மி கையைத் தூக்கினாள். என் வகுப்புதான். அவள் அப்பா பெரிய கோயிலில் அர்ச்சகர். சந்நிதியில் நிற்கிறவர்களைப் பார்ப்பதுபோல எல்லோரையும் ஒரே மாதிரி பார்ப்பாள்.

"டாட் ஆர்க்க யார் வேணாலும் வாங்கலாம். நானே வாங்கலாம். அத வச்சு எப்படி நம்பறது?"

"நீ மொதல்ல லைப்ரரி புக்க திருப்பிக் குடு. அப்புறம் சேவை செய்யலாம்" என்றேன்.

அரங்கம் அதிர்ந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்துவிட்டால் வாதம் முடிந்துவிடும் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்துகொண்டவன் நான். பேச்சாளருக்காக வாங்கி வைத்திருந்த பொன்னாடையை எனக்குப் போர்த்தினார்கள்.

அன்று சாயங்காலமே வீட்டில் உட்கார்ந்து வாங்க முடிகிறதா என்று பார்த்தேன். ஏழு நிமிடம் ஆனது. பெயர் கேட்டார்கள், முகவரி கேட்டார்கள், போன் நம்பர் கேட்டார்கள். என்ன சேவை செய்திருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பொய்யான விவரம் தருவது விதிமீறல் என்று எழுதியிருந்ததால் என் உண்மையான பெயரையே கொடுத்தேன்.

ஆக, வித்யாலக்ஷ்மி சொன்னது சரி. இதை இப்போதுதான் முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன்.

வாங்கியதைச் சும்மா வைத்திருக்க மனம் வரவில்லை. மலைமண் ஆராய்ச்சி மையம் என்று பெயர் வைத்தேன். கல்லூரி மாடியிலிருந்து எடுத்த மலையின் படத்தைப் போட்டேன். கீழே ஆய்வு முடிவு: கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு ஒரு மண்டலம் நடந்தால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை உள்ளங்கால் வழியாக மண்ணில் இறங்கிவிடுகிறது. ஆதாரம்: கிரிவலப் பாதையில் எறும்புகள் அதிகம்.

எறும்பு வரியை எழுதிவிட்டு நானே சிரித்தேன். ஆண்டு விழாவில் பெரிய திரையில் காட்டுவதாகத் திட்டம். காட்டினால் வித்யாலக்ஷ்மி சொன்னதுதான் சரியென்று ஆகிவிடுமே என்பது முழுவதையும் முடித்த பிறகுதான் உறைத்தது. எனவே யாரிடமும் சொல்லவில்லை. அழித்திருக்கலாம். ஆனால் நன்றாக வந்திருந்தது.

இனி வேடியப்பன் அண்ணன். எங்கள் கல்லூரி நூலக உதவியாளர். ஐம்பத்திரண்டு வயது, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. என் பேச்சன்று அரங்கத்தின் கடைசியில் ஃபேன் சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். சிரிக்காமல் கேட்டவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது. மறுவாரம் நூலகக் கம்ப்யூட்டர்களுக்கு மேலே ஒரு சார்ட் தொங்கியது. நான்கு வால்கள், நான்கு வரிகள், ஸ்கெட்ச் பேனாவில். மூன்றுக்கு எதிரே பச்சையில் 'நம்பலாம்', டாட் காமுக்கு எதிரே சிவப்பில் 'யோசி'. கீழே 'சொன்னவர்: மாணவர் அஜிதன்'. பிளாஸ்டிக் உறை வேறு போட்டிருந்தார், தூசி படாமல் இருக்க.

பங்குனியில் ஒரு மத்தியானம் நூலகத்துக்குப் போனேன். கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வா. நம்ம மலையப் பத்தி ஒரு சைட்டு. வாலப் பாத்தேன், ஆர்க்கு. சரிதானே?"

திரையில் நான் எடுத்த படம்.

பக்கத்து மேசையில் வித்யாலக்ஷ்மி படித்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து குனிந்து பார்த்தாள்.

"வால விடுங்கண்ணா, உள்ள இன்னா எழுதியிருக்குன்னு படிங்க. சக்கர கால் வழியா எறங்குதாம், அத எறும்பு தின்னுதாம். எவனோ வேல வெட்டி இல்லாதவன் எழுதியிருக்கான்."

"எறும்பு இருக்குதும்மா" என்றார் அவர் பொறுமையாக. "நேத்து ட்யூட்டி முடிச்சு போய்ப் பாத்துட்டுதான் சொல்றேன். குபேர லிங்கம் தாண்டினா ரொம்ப ஜாஸ்தி."

"எறும்பு எங்க வீட்டுலயும்தான் இருக்கு."

"உங்க வீட்டுக்கு வால் இருக்கா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி சொல்லட்டும்மா. அதுக்கு தெரியும்."

வித்யாலக்ஷ்மியும் திரும்பினாள். "சொல்லுடா. நீயே சொல்லு."

அவர் தலைக்கு மேலே அந்த சார்ட். பச்சையில் நம்பலாம்.

"வால் சரியாத்தாண்ணா இருக்கு" என்றேன்.

மூன்றே வார்த்தை. அதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. வேண்டுமானால் நீங்களும் திறந்து பாருங்கள் சார்.

வித்யாலக்ஷ்மி புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் மையத்தின் மின்னஞ்சலுக்கு முதல் கடிதம் வந்தது.

'மதிப்பிற்குரிய ஐயா, நான் பன்னிரண்டு வருட சர்க்கரை நோயாளி. தங்கள் தளத்தின் நம்பகத்தன்மையை உறுதி செய்துகொண்டேன். நடக்கும்போது ரப்பர் செருப்பு அணியலாமா?'

அன்றே பதில் எழுதினேன். இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். டாட் கவ் தளங்களில் 'தொடர்புகொள்ள' என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் எழுதிப் பதில் வாங்கியவர் யாராவது உண்டா? நான் ஒரு கடிதத்தைக்கூட ஒரு வாரம் கிடக்க விட்டதில்லை. 'மண்ணுக்கும் காலுக்கும் நடுவில் ரப்பர் எதற்கு?' என்று எழுதினேன். பக்கத்து அறையில் அம்மா அரிசியில் வண்டு பொறுக்கிக் கொண்டுபோய் வாசலில் விட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கடிதம் ஊசியைப் பற்றி. நிறுத்தலாமா என்று கேட்டிருந்தார். அதற்கு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. என் மனச்சாட்சி வேலை செய்தது என்று இதை எழுதிக்கொள்ளலாம். மூன்றாம் நாள் நூலகத்தில் அவராகவே சொன்னார்: "அவங்க இன்னும் பதில் போடலப்பா. பெரிய எடம். எத்தன பேரு எழுதுவாங்களோ." சொல்லும்போது முகம் சின்னதாகிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று மத்தியானமே எழுதினேன்: 'மலை இறக்குகிறதை ஊசியும் ஏன் இறக்க வேண்டும்?' கேள்வியாகத்தான் எழுதினேன். கேள்வி அறிவுரை ஆகாது என்று நினைக்கிறேன், நீங்கள் சட்டம் தெரிந்தவர்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் அதற்காகத்தான் உட்கார்ந்தேன். 'இது விளையாட்டு' என்று மையம் எழுதினால் அவர் நேரே என்னிடம் வருவார். "நீ சரின்னுதானே சொன்ன?" என்பார். சார்ட்டைக் கழற்ற வேண்டும். ஏன் கழற்றுகிறீர்கள் என்று வித்யாலக்ஷ்மி கேட்பாள். பொன்னாடை, வாட்ஸப், பிரின்சிபால், எல்லாம் வரிசையாக வரும். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு பதில் எழுதினால் அந்தப் பதிலையும் சேர்த்து நாளைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் எலிப்பொறி வைப்பதில்லை. உள்ளே மாட்டிக்கொண்டது எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இன்னொன்றும் உண்டு. வாட்ஸப்பில் என் எழுத்துக்கு மஞ்சள் மூஞ்சிகள் வரும், அவ்வளவுதான். இவர் ஒவ்வொரு வரியையும் பிரின்ட் எடுத்து, கோடு போட்டு, அடுத்த கடிதத்தில் மேற்கோள் காட்டினார். என்னை இவ்வளவு கவனமாகப் படித்தவர் வேறு யாருமில்லை.

சித்திரையில் கல்லூரிக்கு விடுமுறை. நூலகம் மட்டும் ஒரு மணி வரை. பூட்டிவிட்டு அப்படியே நடக்கத் தொடங்கிவிடுவார். பதினாலு கிலோமீட்டர், கத்திரி வெயில், வெறுங்கால். நான் பேப்பர் படிக்கப் போகும்போது பார்ப்பேன். பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார்.

"பாத்தியா, எடை கம்மியாயிடுச்சு" என்றார் சந்தோஷமாக. "தார் ரோடு கொதிக்குதுன்றாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல தம்பி. ஐஸ் மேல நடக்கற மாதிரிதான் இருக்கு. கால் மரத்துப் போனா நல்ல அறிகுறின்னு மையத்துல சொல்லிட்டாங்க."

சொல்லியிருந்தேன்.

இருபதாவது நாள் வலது உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து புண்ணானது. அவருக்கு வலி தெரியவில்லை. நூலகத் தரையில் ஈரமாக ஒரு தடம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று எழுதினார். 'புண் என்பது சர்க்கரை வெளியேறும் வாசல். வாசலை யாராவது அடைப்பார்களா?' என்று பதில் எழுதினேன். இந்த வரியை அவர் மனப்பாடம் செய்து என்னிடமே சொல்லிக் காட்டினார். தலையை ஆட்டினேன்.

அந்த வாரம்தான் கீர்த்தனா என்னைப் பார்க்க வந்தாள். அவருடைய ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். நூலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"அண்ணா, அப்பா கால் நாறுதுண்ணா. டாக்டர் கிட்ட போலாம்னா அந்த சைட்டப் பிரின்ட் எடுத்து காட்டறாரு. நீங்க சரின்னு சொன்னீங்களாமே. பொய்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா. நீங்க சொன்னா கேப்பாரு."

"நான் வாலத்தாம்மா சரின்னு சொன்னேன். உள்ள இருக்கறதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

"அப்போ அது பொய்தானே?"

"ஆர்க் பொய் சொல்லாதும்மா."

அவள் சார்ட்டைப் பார்த்தாள். பிறகு என்னை. "சரிண்ணா. அப்ப அவங்களுக்கே எழுதிப் பாக்கறேன்."

அங்கேயே, இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து எழுதினாள். என் சட்டைப் பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. அவள் போன பிறகு படித்தேன்.

'ஐயா, என் அப்பா உங்களைக் கடவுள் மாதிரி நம்புகிறார். அவருக்கு ஊசி போடச் சொல்லி நீங்களே ஒரு வரி எழுதுங்கள். அவர் தூக்கிப் போடச் சொன்ன ஊசி மருந்தை யாருக்கும் தெரியாமல் ஃபிரிட்ஜில் கறிவேப்பிலைக் கவருக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதினால் இன்றைக்கே போட்டுவிடுவோம்.'

மையம் இதுவரை சொன்னதற்கு இது நேர் எதிர். அப்பாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று எழுதினால் அவர் குழம்பிப்போய் விளக்கம் கேட்க என்னிடம்தான் வருவார். 'அன்பு நல்லது. அவசரம் வேண்டாம். மண்டலம் முடியட்டும்' என்று எழுதினேன். மரியாதையான கடிதம். எதையும் திட்டவில்லை.

மண்டலம் முடியவில்லை. முப்பத்தாறாவது நாள் அடி அண்ணாமலைக்கு முன்னால் விழுந்துவிட்டார். ஆட்டோக்காரர்கள் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாதம் கறுத்துவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால் ஆள் பிழைப்பார் என்று டாக்டர் சொன்னார். கையெழுத்துப் போட மறுநாள் சாயங்காலம் வரை அவகாசம் கேட்டாராம். எதற்கு என்று அவர் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மையத்தின் பதிலுக்காக.

'மதிப்பிற்குரிய ஐயா, காலை எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் மீதி பன்னிரண்டு நாளை எப்படி நடந்து முடிப்பேன்? தாங்கள் என்ன சொல்கிறீர்களோ அதையே செய்கிறேன். மகள் அழுகிறாள். சீக்கிரம் எழுதவும்.'

முதலில் 'எடுத்துவிடுங்கள்' என்று ஒரே சொல்லை அடித்தேன். அனுப்புகிற இடத்தில் விரலை வைத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். முந்தைய கடிதங்களோடு ஒட்டவில்லை. யாரோ வேறு ஆள் எழுதியதுபோல இருந்தது. அழித்தேன். அரைமணி நேரம் யோசித்து வேறு ஒன்று எழுதினேன்:

'காலை எடுத்துவிட்டால் சர்க்கரை எந்த வழியாக இறங்கும்?'

உண்மையைச் சொல்கிறேன், எழுதி முடித்தபோது மனம் லேசானது. இருபத்தாறு கடிதங்களில் அதுதான் சிறந்தது. சாயங்காலம் நான்கு மணிக்கு அனுப்பினேன். ஐந்து மணிக்கு அவர் 'என் சொந்தப் பொறுப்பில் போகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பதினோரு நாள் இருந்தார். கடைசி நாட்களில் பினாத்தினார் என்றார்கள். எறும்பை விரட்டச் சொன்னாராம்.

துக்கத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியுமா? வித்யாலக்ஷ்மியும் வந்திருந்தாள். கீர்த்தனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "நான் சொல்லாம கொள்ளாம ஊசியப் போட்டிருக்கணும், நான்தான் கொன்னுட்டேன்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன்.

"உன் மேல இன்னாம்மா தப்பு? கறிவேப்பில கவருக்குள்ள வச்சாவது காப்பாத்தப் பாத்தியே."

அழுகை நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"அத நான் யார்கிட்டயும் சொல்லலியேண்ணா" என்றாள். "அந்த சைட்டுக்கு மட்டும்தான் எழுதினேன்."

வித்யாலக்ஷ்மி என் சட்டைப் பையில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டே வெளியே போய்த் தன் போனை எடுத்தாள். அடுத்த நாள் வேங்கிக்கால் போலீஸ் அலுவலகத்தில் இந்த அறைக்கு வந்தேன். வால் யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் விசாரித்ததில் கிடைத்தது என் உண்மையான பெயர். நான் எதையும் மறைத்து வைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே எழுதிக்கொள்ளவும். மலைமண் ஆராய்ச்சி மையம் நான்தான். தலைமை ஆய்வாளர் நான்தான். இருபத்தாறு கடிதங்களும் என் கைப்பட எழுதியவை. ஊசியை நிறுத்தியது, செருப்பைக் கழற்ற வைத்தது, டாக்டரிடம் போகாமல் பார்த்துக்கொண்டது, காலை எடுக்க விடாமல் செய்தது எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு கடிதத்தின்போதும் அவர் சாகலாம் என்று எனக்குத் தெரியும். நான் இயற்பியல் மாணவன். கால் வழியாகச் சர்க்கரை இறங்காது.

புகழேந்தி சார் இப்போதுதான் எல்லாப் பக்கங்களையும் வாங்கிப் படித்து முடித்தார். சிரிக்கவில்லை. "கீழ கையெழுத்து போடு" என்று கடைசித் தாளை மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறார். நான் இன்னும் போடவில்லை.

"இன்னாப்பா யோசன? அதான் எல்லாத்தையும் ஒத்துக்கினியே."

யோசனை ஒன்றுமில்லை சார். டீ சிந்தியிருக்கிறது போல. கையெழுத்துப் போடுகிற இடத்தில் ஓர் எறும்பு நிற்கிறது. அது தானாக நகர்ந்து போகட்டும். இன்றுவரை என் கையால் ஓர் உயிர் போனதில்லை.